குளிரறைக்குள் நன்றாக இருந்த மரக்கறி வெளியே வந்து பழுதாகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

மாங்குளத்துக்குக் கிட்ட, ஏ9 வீதியில் இருந்து கொஞ்சம் உள்ளே, எங்கள் தோட்டக்காரர் குழுவுக்கு ஒரு சின்னக் குளிரறை இருக்கிறது. அதன் திறப்பு என்னிடம்தான். அறை வந்த புதிதில் வெப்பநிலையை 5 பாகையில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். குளிர் கூடக் கூடச் சாமான் கூட நாள் தாங்கும் என்பதுதான் அப்போது என் விளக்கம். முற்றின பச்சைப் பப்பாசி நாற்பது கூடை, இரண்டு கிழமைக்கு மேல் உள்ளே நின்றது. லொறியில் ஏற்றும்போது ஒரு காயில்கூடக் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் தம்புள்ளையில் எங்கள் சாமான் எடுக்கும் முதலாளியின் போன் வந்தது.

"தம்பி, உங்கட பப்பாசி ஒண்டும் பழுக்குதில்லை. தோல் முழுக்கக் குழி. இதென்ன, நோய்ச் சாமானே?"

நோயில்லை. குளிரால் அதைக் காயப்படுத்தியது நான்தான். இதற்குக் குளிர்க்காயம் என்று பெயர். உறைவது வேறு, இது வேறு. காய் உறைவதற்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கொஞ்சம் கீழே போகவேண்டும். குளிர்க்காயமோ பூச்சியத்துக்கு மேலே, சில காய்களில் 12, 13 பாகையிலேயே தொடங்கிவிடும். (இந்தக் கட்டுரையில் எல்லாம் செல்சியஸ்தான்.) வெப்பநாட்டுக் காய் கனிகளுக்குத்தான் இந்தப் பிரச்சினை. அதாவது வன்னியில் நாங்கள் செய்கிற பெரும்பாலானவற்றுக்கு.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் அறிகுறிகளை வாசிப்பது சுகம். மார்கழி விடியலில் போத்தலில் தேங்காயெண்ணெய் மங்கிக் கட்டிபடுவதைப் பார்த்திருப்பீர்கள். காயின் ஒவ்வொரு கலத்தையும் சுற்றியிருக்கும் மென்சவ்விலும் கொழுப்பு இருக்கிறது. குளிரில் அதுவும் இறுகும். இறுகிய மென்சவ்வு ஒழுகும். உள்ளே தனித்தனியாக அடைத்து வைத்திருந்தவை ஒன்றோடொன்று கலக்கும். கத்தரிக்காயை வெட்டி வைத்தால் கறுக்கிறதல்லவா, அதே வேலை வெட்டாமலே உள்ளுக்குள் நடக்கும். ஆனால் குளிரில் எல்லாம் மெதுவாக நடப்பதால் அறைக்குள் ஒன்றும் தெரியாது. வெளியே வந்து எங்கள் 32, 33 பாகைச் சூட்டில் ஒன்றிரண்டு நாள் நின்ற பிறகுதான் தெரியும். அதற்குள் சாமான் வேறு ஊரில், வேறு ஒருவர் கடையில் நிற்கும். அதனால்தான் பழி நோய்க்கும் விதைக்கும் லொறிக்காரருக்கும் போகிறது.

முதலில், குளிர்தானா என்று உறுதிப்படுத்துங்கள்

நான் இப்போது எந்தச் சாமான் ஏற்றினாலும் அதே அறுவடையில் ஐந்து காயை எடுத்து, வெளியே அலுமாரித் தட்டில் திகதி எழுதி வைத்துவிடுவேன். உள்ளே நின்றதில் புள்ளியும் குழியும் வந்து, வெளியே நின்றது வாடினாலும் புள்ளியில்லாமல் இருந்தால், குற்றம் அறையில். இரண்டிலும் அதே புள்ளி என்றால் அது தோட்டத்தில் இருந்தே வந்த நோய் அல்லது பூச்சி. ஐந்து காய் நட்டம்தான், ஆனால் சண்டை மிச்சம்.

அடுத்தது, எந்தக் கூடை பழுதானது என்று பாருங்கள். காற்று ஊதும் விசிறிக்கு நேரே நின்ற கூடைகள் மட்டும் என்றால் அங்கே குளிர்காற்று நேராக அடித்திருக்கிறது, சிலவேளை உறைந்தும் இருக்கும். அறை முழுக்க ஒரே மாதிரி என்றால் நீங்கள் வைத்த வெப்பநிலையே பிழை.

மூன்றாவது, பக்கத்தில் நின்ற மற்றச் சாமான். கரட், பீற்றூட், கோவா, லீக்ஸ் போன்ற மலைநாட்டு மரக்கறிக்குக் குளிர்க்காயம் வராது. அவை பூச்சியத்துக்கு அருகில் வைத்தாலும் சந்தோசமாக நிற்கும். கத்தரியும் வெள்ளரியும் கெட்டு, அதே தட்டில் நின்ற கரட் புதிதாக இருந்தால் குளிரைத்தான் சந்தேகப்பட வேண்டும். கரட்டும் சேர்ந்து கெட்டிருந்தால் வேறு காரணம் தேடுங்கள்.

சரி, இனி அறிகுறிகள்.

தோலில் குழி விழுந்திருக்கிறது

வெள்ளரி, பாகற்காய், தேசிக்காய், பப்பாசி ஆகியவற்றில் அதிகம் காண்பது இதுதான். காயைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடியுங்கள். தொடக்கத்தில் குண்டூசித் தலையளவு பள்ளங்கள் தெரியும், நிறம் மாறியிருக்காது. நேராகப் பார்த்தால் தெரியாமல் போவதும் உண்டு. ஒரு நாள் கழித்துப் பள்ளங்கள் ஒன்றோடொன்று சேரும், அடி மண்ணிறமாகும், பிறகு அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பாகற்காயிலும் வெள்ளரியிலும் பழ ஈ குத்தியதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கத்தியால் பள்ளத்துக்குக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். ஈ குத்தியிருந்தால் நடுவில் ஒரு துளை, அதில் இருந்து உள்ளே போகும் வழி, பல நேரம் புழுவும் இருக்கும். குளிர்க்குழியில் துளை இராது. தோலுக்குக் கீழே ஒரு மெல்லிய படை மட்டும் சரிந்து காய்ந்திருக்கும், அதற்குக் கீழ் சதை நல்லாக இருக்கும்.

வெள்ளரி 10 பாகைக்குக் கீழே இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அதை 10க்கும் 12.5க்கும் இடையில் வையுங்கள். பாகற்காய்க்கு 10 முதல் 12 வரை. வெப்பநிலை சரியாக இருந்தும் குழி விழுந்தால் அறைக் காற்று காய்ந்து கிடக்கிறதா என்று பாருங்கள். தோலடிக் கலங்கள் ஒழுகும்போது காய்ந்த காற்று அந்த நீரை உறிஞ்சுவதால்தான் பள்ளம் ஆழமாகிறது. துளை போட்ட பொலித்தீனைக் கூடைக்குள் விரித்து மேலே மடித்துவிட்டால் குழி கணிசமாகக் குறையும். தரையை நனைத்து விடுவதும் உதவும். ஆனால் இரண்டும் காயத்தை மறைக்க உதவுமே தவிர, 5 பாகையில் வைப்பதற்கான அனுமதி அல்ல.

விழுந்த குழி திரும்ப நிரம்பாது. காய் நஞ்சாகிவிடவில்லை, பூஞ்சணம் பிடிக்க முன் சமைக்கலாம். அன்றைக்கே விற்கிற கடைக்குக் கொடுங்கள், தூரத்துக்கு ஏற்றாதீர்கள்.

வெண்டிக்காயில் நீர் ஊறின திட்டு

கண்ணாடி போலப் பளபளத்த, கரும்பச்சைத் திட்டுகள். அமர்த்தினால் வழுக்கும். 7 பாகைக்குக் கீழே போனால் வெண்டிக்கு இது வரும். அது 7 முதல் 10 வரையான வெப்பநிலையில், ஈரப்பதன் கூடிய காற்றில், ஒரு கிழமை பத்து நாள் நிற்கும்.

ஐஸ் கட்டியை வெண்டிப் பெட்டிக்குள் போடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மீன் பெட்டி பார்த்துப் பழகியதோ தெரியாது. ஐஸும் ஐஸ் உருகிய தண்ணியும் தொட்ட இடமெல்லாம் இரண்டு மூன்று நாளில் புள்ளி விழும். வெண்டியை விடியற்காலையில் ஆய்ந்து, நிழலில் பரப்பி, நனைக்காமல் ஏற்றுங்கள்.

திட்டுக்குப் பதிலாகக் காய் முழுவதும் தொளதொளவென்று, வெளியே எடுத்ததும் நீர் சொட்டினால் அது உறைந்த காய். விசிறி வாயடிக் கூடைகளில்தான் இருக்கும்.

வாழை மஞ்சளாகாமல் சாம்பல் பூத்து நிற்கிறது

வாழைதான் எல்லாவற்றிலும் கெட்ட ரோசக்காரன். 13 பாகைக்குக் கீழே போகவே கூடாது. பச்சைக் காயை 7 பாகையில் ஓரிரவு வைத்தாலே போதும், பழுக்கும்போது காட்டிக் கொடுத்துவிடும். கதலியோ இதரையோ, வியாபாரிக்குத் தெரிவது மங்கல் மஞ்சள், புகை படிந்தது போன்ற தோல். சதை பல நேரம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தோலைப் பார்த்து விலை சொல்கிற சந்தையில் அதைச் சொல்லி வேலையில்லை.

பழுக்கும் வரை காத்திராமல் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பச்சைக் காயின் தோலை, சவர அலகு அல்லது கூரான கத்தியால், பென்சில் சீவுவது போல மெல்லியதாகச் சீவுங்கள். சீவிய இடம் முதலில் வெள்ளைப்பச்சையாக இருக்கும், பால் கசியும். அதைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நீளவாக்கில் மயிரிழை போல மண்ணிறக் கோடுகள் ஓடினால் காய் குளிர் பட்டுவிட்டது. நல்ல காயில் அந்தக் கோடுகள் இராது. மற்றது, குளிர் பட்ட காயில் பால் குறைவாகவும் தண்ணீராகவும் கசியும்.

என் அனுபவத்தில் வாழையை அறைக்குள் ஏற்றுவதில் பாதித் தரம் தேவையேயில்லை. இரண்டு மூன்று நாளில் போகிற குலை என்றால் கிடுகுக் கொட்டிலில் தொங்கட்டும்.

பழுக்கவே இல்லை, அல்லது ஒரு பக்கம் மட்டும் பழுக்கிறது

பப்பாசி, மாம்பழம், தக்காளி மூன்றுக்கும் இது பொது. என் நாற்பது கூடைக்கு நடந்ததும் இதுதான். பழுப்பது என்பது காய் உயிரோடு செய்கிற வேலை. கலங்கள் ஒழுகிவிட்டால் அந்த வேலையைச் செய்ய ஆளில்லை.

இதில் முக்கியமான விசயம், ஒரே பழத்துக்கு ஒரே வெப்பநிலை இல்லை. பச்சையாக இருக்கும்போது குளிருக்கு அதிகம் பயம், பழுக்கப் பழுக்கப் பயம் குறையும். பப்பாசி முழுப் பச்சையில் இருந்து கால்வாசி மஞ்சள் வரை 13 பாகை. கால்வாசிக்கும் அரைவாசிக்கும் இடையில் 10. அரைவாசிக்கு மேல் மஞ்சளாகிவிட்டால் 7 வரை இறக்கலாம். மாம்பழத்துக்கு முற்றின பச்சையில் 13, பழுக்கத் தொடங்கியபின் 10. தக்காளி முற்றின பச்சை 12.5க்குக் குறையக் கூடாது. நன்றாகச் சிவந்தது 7 முதல் 10 வரை சில நாள் நிற்கும். பச்சைத் தக்காளியை 5 பாகையில் ஆறு முதல் எட்டு நாள் வைத்தாலும், 10 பாகைக்குக் கொஞ்சம் கீழே இரண்டு கிழமைக்கு மேல் வைத்தாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றுதான். குளிரின் அளவும் நாளின் எண்ணிக்கையும் சேர்ந்துதான் காயம். "9 பாகையில்தானே வைத்தேன்" என்பவரிடம் எத்தனை நாள் என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குளிர் பட்டால் தோலில் சாம்பல் தீய்ச்சல் போல ஒரு நிழல் படரும், தோலிலுள்ள சின்னப் புள்ளிகள் கறுத்துத் துலங்கும், வாசம் வராது. வாசமில்லாத கறுத்தக்கொழும்பானை யார் அந்த விலை கொடுத்து வாங்குவது? காம்படியில் இருந்து கண்ணீர் வழிந்தது போலக் கறுப்புக் கோடு இறங்கினால், அல்லது கறுப்புப் புள்ளிகள் பள்ளமாகிப் பெருத்துக்கொண்டே போனால், அது பூஞ்சண நோய். அதற்குக் குளிர் தேவையில்லை, தட்டில் வைத்த ஐந்து காயிலும் வரும்.

தக்காளியில் ஒரு ஏமாற்று இருக்கிறது. சித்திரை வைகாசியில் வன்னியில் வெளியே பழுக்க வைத்த தக்காளி சிவக்காமல் செம்மஞ்சளாகவே நின்றால் அது குளிர்க்காயம் அல்ல, சூடு. 30 பாகைக்கு மேலே தக்காளியின் சிவப்பு நிறம் சரியாக உருவாகாது. அதை ஒரு 20 பாகை இடத்துக்கு மாற்றினால் பெரும்பாலும் சிவந்துவிடும். குளிர் பட்ட தக்காளி மாற்றினாலும் திட்டுத்திட்டாகவே நிற்கும், அமர்த்தினால் மா போல இருக்கும், காம்புப் பக்கத்தில் கறுப்பு அழுகல் தொடங்கும்.

லேசாகக் குளிர் பட்டிருந்தால், அதாவது ஒன்றிரண்டு நாளுக்குள் பிழையைக் கண்டுவிட்டால், உடனே 20 பாகை அளவுக்கு ஏற்றுங்கள். தொடக்கக் காயத்தைக் காய் தானே ஆற்றிக்கொள்ளும். பத்து நாள் கழிந்தபின் ஏற்றினால் காயம் வெளியே தெரிய வரும், அவ்வளவுதான். அப்போது காபைட் வைத்துப் பழுக்கப் பண்ணலாம் என்று யோசனை சொல்ல ஒருவர் வருவார். தோல் மஞ்சளாகலாம், உள்ளே சப்பென்று கட்டியாகவே இருக்கும், அதோடு காபைட் ஆட்களுக்கும் கேடு. என் பப்பாசியில் திரும்பி வந்ததை அம்மாவும் அயலட்டையும் கறிக்கும் அச்சாறுக்கும் பகிர்ந்தெடுத்தார்கள். மிச்சம் மாட்டுக்குப் போனது.

கத்தரிக்காயை வெட்டினால் விதை கறுத்திருக்கிறது

வெளியே கொஞ்சம் மினுக்கம் குறைந்தது போல இருக்கும், உள்ளே விதையும் விதையைச் சுற்றிய சதையும் மண்ணிறம். காம்புத் தொப்பியும் கறுக்கும். முற்றின கத்தரியிலும் விதை கபிலமாகும் என்பதால் குழம்ப வேண்டாம். முற்றினதில் விதை கடினமாக இருக்கும், சுற்றியுள்ள சதை வெள்ளையாகவே இருக்கும். குளிர் பட்டதில் விதை பிஞ்சு, சதையும் சேர்ந்து கறுத்திருக்கும். வெட்டியவுடனே பாருங்கள், ஐந்து நிமிடம் பொறுத்தால் எந்தக் கத்தரியும் கறுத்துவிடும்.

5 பாகையில் ஆறு முதல் எட்டு நாளில் இது வரும். 10 முதல் 12 வரை வைத்தால் ஒரு பத்து நாள் ஓட்டலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பச்சைமிளகாயிலும் விதை கறுப்பது உண்டு. அதை 7க்குக் கீழே விடாதீர்கள்.

பயிற்றங்காயிலும் போஞ்சியிலும் துருப் பிடித்தது போலப் புள்ளி விழுந்தால் 5 பாகைக்குக் கீழே ஒரு கிழமை நின்றிருக்கும். அவற்றுக்கு 5 முதல் 7.5 வரை சரி.

அவித்தால் வேகாத வற்றாளங்கிழங்கு

இது குசினியில்தான் பிடிபடும். கிழங்கு பார்க்க நன்றாக இருக்கும். எவ்வளவு அவித்தாலும் நடுவில் ஒரு கட்டி பச்சையாகவே நிற்கும், கரண்டி இறங்காது. விறகையும் பானையையும் குறை சொல்ல வேண்டாம். கிழங்கு 12 பாகைக்குக் கீழே நின்றிருக்கிறது. 13 முதல் 15 வரை வையுங்கள். கிண்டிய உடன் ஏற்றாமல், 30 பாகை அளவில், ஈரக்காற்றில், நாலைந்து நாள் ஆறவிட்டு ஏற்றினால் வெட்டுக்காயம் மூடித் தோல் இறுகும். அந்தச் சூடு எங்களுக்கு இலவசம். ஈரத்துக்கு நனைத்த சாக்கை மேலே போட்டால் சரி.

கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கிறது, மருந்தடித்தும் நிற்கவில்லை

தக்காளி, பப்பாசி, கத்தரி, பூசணி ஆகியவற்றில் கரும்பச்சை அல்லது கறுப்பு வெல்வெட் போலப் படரும். குளிர் பட்ட தோல் எதிர்ப்பை இழந்துவிடுவதால், எங்கும் இருக்கிற சாதாரணப் பூஞ்சணமே உள்ளே புகுந்துவிடுகிறது. மருந்தடிப்பது பூட்டில்லாத கதவுக்குக் காவல் போடுவது போல. வெப்பநிலையைத் திருத்துங்கள்.

பூசணியைக் குளிரறையில் ஏற்றுவதே என்னைக் கேட்டால் வீண் செலவு. காம்பு விட்டு வெட்டி, காற்றோட்டமான கொட்டிலில், ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் பரப்பினால் இரண்டு மூன்று மாதம் நிற்கும்.

குளிர் என்று நினைத்து நான் ஏமாந்தவை

ஒருமுறை கத்தரிக்காய்த் தொப்பிகள் கழன்று விழுந்தன, பாகற்காய் மஞ்சளாகிப் பிளந்தது. வெப்பநிலை 12, சரியாகத்தான் இருந்தது. மூலையில் யாரோ ஒருவர் பழுத்த வாழை இரண்டு சீப்பு வைத்திருந்தார். பழுக்கிற பழம் விடுகிற எதிலீன் வாயு செய்த வேலை அது. கரட் கசப்பதும் இதனால்தான். பழுக்கிற பழத்தையும் பச்சை மரக்கறியையும் ஒரு அறையில் பூட்டாதீர்கள்.

தோல் சுருங்கி, காம்பு வாடி, ஆனால் புள்ளியோ குழியோ இல்லாமல் இருந்தால் அது நீரிழப்பு. வெளியே எடுத்ததும் காய் வேர்த்து, மறுநாள் பூஞ்சணம் பிடித்தால் அது ஈரம். மூடியபடியே நிழலில் வைத்துச் சூடேறவிட்டுப் பிறகு திறந்தால் வேர்க்காது.

பிழை அறையில் என்றால் எங்கே தேடுவது

அறையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் தெரிகிற இலக்கத்தை நம்பாதீர்கள். எங்கள் அறையில் அதன் உணரி, காற்று திரும்பிப் போகும் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 12 காட்டும்போது, ஊதுகிற வாயில் 7 இருந்ததை நான் அளந்திருக்கிறேன். வாயடியில் அடுக்கிய கூடைகளுக்கு அந்த 7தான் உண்மை.

மலிவான தேர்மோமீற்றர் மூன்று வாங்குங்கள். முதலில் ஒரு கோப்பையில் நொறுக்கின ஐஸ் நிரப்பி, கொஞ்சம் தண்ணி விட்டுக் கலக்கி, அதற்குள் ஒவ்வொன்றையும் சில நிமிடம் வையுங்கள். பூச்சியம் காட்டவேண்டும். ஒன்று 2 காட்டினால் எறிய வேண்டாம், "2 கழிக்கவும்" என்று அதன்மேல் எழுதி ஒட்டுங்கள். பிறகு ஒன்றை ஊதும் வாயடியில், ஒன்றை நடுக்கூடைக்குள், ஒன்றைக் கதவடியில் தரைக்குக் கிட்ட வையுங்கள். வெறும் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறந்தவுடன் இலக்கம் துள்ளும். தண்ணிப் போத்தலுக்குள் இறக்கி ஓரிரவு விட்டால் காய்க்குள் இருக்கும் வெப்பநிலைக்குக் கிட்டத்தட்ட அதே கணக்கு வரும்.

வாயடிக்கும் நடுவுக்கும் வித்தியாசம் 3 பாகைக்கு மேல் என்றால் கூடைகளை வாயில் இருந்து விலக்கி, காற்று நேராக அடிக்காமல் ஒரு தடுப்புப் பலகை கட்டுங்கள். சுவருக்கும் கூடைக்கும் இடையில் ஒரு சாண் விடுங்கள். சூடான கூடைகள் நிறைய ஏற்றிய அன்று, "கெதியாய்க் குளிரட்டும்" என்று இலக்கத்தை 4க்கு இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவது எங்கள் ஊரில் பலரும் செய்கிற பிழை. இயந்திரம் அதனால் வேகமாகக் குளிரூட்டாது. விடியும்போது வாயடிக் கூடைகள் மட்டும் செத்திருக்கும்.

ஒரே ஒரு அறைதான் இருக்கிறது, எல்லாம் அதற்குள்தான் என்றால் 12.5 முதல் 13 வரை வையுங்கள். கத்தரி, வெள்ளரி, பாகற்காய், பச்சைத் தக்காளி, தேசிக்காய் எல்லாம் அதில் பிழைக்கும். வெண்டியும் பயிற்றையும் இரண்டொரு நாள் குறைவாகத் தாங்கும், பரவாயில்லை. பப்பாசி, மாம்பழம், வாழை ஏற்றும் நாளில் 13.5 வைத்து, எதிலீன் காரணமாக மற்றவற்றை வெளியேற்றுவேன். கீரைக்கு இந்த அறை சரிவராது, ஈரச்சாக்குப் போதும்.

அறையும் சரி, தட்டில் வைத்த காயும் சரி, போன இடத்தில் பழுது

லொறியைக் கேளுங்கள். மலைநாட்டில் இருந்து கரட், லீக்ஸ் ஏற்றிக்கொண்டு 4 பாகையில் வருகிற குளிரூட்டி லொறி, திரும்பிப் போகும்போது எங்கள் பப்பாசியை ஏற்றும். சாரதி இலக்கத்தை மாற்ற மறந்தால் இரவு முழுக்க 4தான். அறையில் 10 இல் ஒரு கிழமை நின்ற காய்க்கு அந்த ஓரிரவு கணக்கில் சேரும், இரண்டையும் கூட்டினால் காயம். ஏற்ற முன் நானே முன்னால் ஏறி, "அண்ணை, ஒருக்கால் 13க்குத் திருப்புங்கோ" என்று சொல்லி, திருப்பியதைப் பார்த்து, போனில் படமும் எடுத்துவிட்டுத்தான் இறங்குவேன். சிலர் முகம் சுழிப்பார்கள்.

குளிரறையே இல்லாதவர்களுக்கு

செங்கல்லால் இரட்டைச் சுவர் கட்டி, இடையில் 7.5 சென்ரிமீற்றர் அளவுக்கு மணல் நிரப்பி, காலையும் மாலையும் தண்ணி விட்டு, மேலே ஈரச்சாக்கால் மூடும் தொட்டி ஒன்று போதும். சோழகம் வீசுகிற காய்ந்த மாதங்களில் நன்றாக வேலை செய்யும். வெளியே 34 என்றால் உள்ளே 26 அளவுக்கு இறங்கும். கார்த்திகை மார்கழி மழையில் காற்றே ஈரமாக இருப்பதால் பெரிதாகக் குளிராது. கத்தரி, வெண்டி, தக்காளி மூன்று நாலு நாள் கூடுதலாக நிற்கும். எவ்வளவு மறதிக்காரர் பார்த்துக்கொண்டாலும் இதில் குளிர்க்காயம் வராது. வீட்டு பிறிட்ஜில் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதன் நடுத்தட்டு 4 பாகை அளவில் நிற்பதால், பழுக்காத மாங்காயையும் பப்பாசியையும் வெளியே பழுக்கவிட்டு, பழுத்தபின் இரண்டு நாளைக்கு மட்டும் உள்ளே வையுங்கள்.